தார்ப்பாய் உப்பும் நேரம்

எங்கள் தெருவில் என்னிடம் மழை வருமா என்று கேட்காதவர் ஒருவர்தான். விமான நிலையங்களில் வானிலை அதிகாரியாக இருந்து, ஓய்வு பெற்று, புதுச்சேரி உழவர்கரையில் வீடு கட்டிக்கொண்டு வந்தவனுக்கு ஊர் ஒதுக்கி வைத்திருக்கும் வேலை அது. கல்யாணப் பந்தல் போடுகிறவர் கேட்பார். மாடியில் வடகம் காயப்போடும் பக்கத்து வீட்டு அம்மா கேட்பார். "இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு உண்டு" என்பேன். "அதான் சார், வருமா வராதா?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது, இப்போது ஓய்வூதியமும் கொடுக்கிறது என்பது அவர்களுக்குப் புரிவதில்லை.

கேட்காதவர் எதிர்வீட்டு பாய். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் தார்ப்பாயும் கயிறும் விற்கும் கடை அவருக்கு. அப்பா காலத்திலிருந்து நடக்கிற வியாபாரம். மழையை நம்பிப் பிழைக்கிறவர், முதலில் கேட்க வேண்டியவரே அவர்தான். ஒருமுறை நானே அதைச் சொன்னேன். "வந்தா இந்த வருஷம் விப்பேன், வரலன்னா அடுத்த வருஷம் விப்பேன். அதுக்கு எதுக்கு சார் ஒங்கள தொந்தரவு பண்ணணும்?" என்று சிரித்தார்.

அவருடைய ஒரே மகன் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தான். வடக்கே, கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி, ஒரு பயிற்சிப் பள்ளி. போன கோடையில் ஒரு மதியம், தனியாகப் பறந்து பழகும்போது, ஓடுபாதைக்குச் சற்று முன்னால் விமானம் விழுந்து இறந்துபோனான். பெட்டி சென்னைக்கு வந்தது, அங்கிருந்து வண்டியில் ஊருக்கு வந்தது. தெருவே நின்றது. நானும் நின்றேன். பையனுடைய மய்யித்தை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது இரண்டொருவர் மேலே பார்த்தார்கள், வானத்தில் ஏதோ பதில் இருப்பதுபோல. வெயில்தான் இருந்தது.

சில மாதங்கள் கழித்து, ஒரு மதியம், லுஹர் தொழுகை முடித்துவிட்டு பாய் என் வீட்டுக் கேட்டைத் திறந்தார். எங்கள் ஊரில் கடைகள் மதியச் சாப்பாட்டுக்கு அடைத்துச் சாயங்காலமாகத் திறக்கும். பிரெஞ்சுக்காரன் போயும் அவன் மதியத் தூக்கம் போகவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அந்த இடைவெளியில் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. அதனால் ஏதோ விஷயம் என்று புரிந்தது.

"சார், ஒரு ஒதவி. என் புள்ளைக்கு அங்க என்னா சொல்லிக் குடுத்தாங்களோ அத எனக்குச் சொல்லிக் குடுக்கணும்."

கையில் ஒரு பாடப்புத்தகம் இருந்தது. மாணவ விமானிகளுக்கான வானிலைப் பாடம். பெட்டியோடு வந்த சாமான்களில் ஒன்று. அந்தப் புத்தகத்தை எனக்குத் தெரியும். எழுதினவர் இடிமேகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவரில்லை என்பதும் தெரியும்.

"எதுக்கு பாய்?"

"விசாரணை முடியப் போவுதாம். முழுசா எழுதறதுக்கு முன்னாடி மெட்ராஸ்ல ஒரு அதிகாரி என்ன நேர்ல பாத்துப் பேசறேன்னு சொல்லியிருக்காரு. போயி ஒக்காந்தா நாலு இங்கிலீஷ் வார்த்த சொல்லி அனுப்பிடுவாங்க. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். என் புள்ள மேல தப்பு இருக்கா, இல்லயா. அவங்க அம்மா வேற எதையும் கேக்கல. அழுவக்கூட இல்ல. அத மட்டும் கேட்டுட்டு வாங்கன்னு சொல்லிட்டா."

விபத்து விசாரணை எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். என் பணிக்காலத்தில் சிலவற்றில் சாட்சி சொல்லியிருக்கிறேன். அறிக்கையின் கடைசியில் இரண்டு தலைப்புகள் இருக்கும். காரணம், துணைக் காரணம். செத்தவர் காரணம் ஆவார். உயிரோடு இருப்பவர்கள் துணைக் காரணம் ஆவார்கள். இதில் சதி எதுவும் கிடையாது. கடைசியாக விசையைப் பிடித்திருந்த கை யாருடையது என்று பார்த்தால் அது எப்போதும் செத்தவருடைய கையாகத்தான் இருக்கும். இதை அவரிடம் சொல்லவில்லை. நாளைக்கு வாருங்கள் என்றேன்.

அவர் போனதும் என் மனைவி கேட்டாள். "அந்த மனுஷன் வெயில்ல வந்திருக்காரு. ஒரு வாய் தண்ணி குடுத்தீங்களா?"

கொடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து மாடி வராந்தாவில் பாடம் நடந்தது. பிளஸ் டூவோடு கடைக்கு வந்துவிட்ட மனிதர். ஆனால் கணக்கு நன்றாக வரும், கேட்டதை மறக்கமாட்டார். நான் பேசுவேன், அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுதிக்கொள்ளமாட்டார். கடையில் எந்தச் சரக்கு எத்தனை மீட்டர் என்று தலையிலேயே வைத்திருக்கிற பழக்கம்.

முதல் நாள் வெப்பம். தரை சூடாகிறது, தரை காற்றைச் சூடாக்குகிறது, சூடான காற்று மேலே போகிறது. சூடான காற்று மெலிந்தது, அதில் விமானம் ஏறத் தயங்கும், ஓடுபாதையில் அதிக தூரம் ஓடும். "அப்போ மே மாசத்துல பழக விடறதே தப்பில்லயா?" என்றார். தப்பில்லை, கணக்குப் போட்டுவிட்டுப் பறக்கலாம் என்றேன். "போட்டானா?" போட்டிருப்பான், அது இல்லாமல் விடமாட்டார்கள் என்றேன்.

எந்தப் பாடத்தை எடுத்தாலும் அந்த இடத்தில்தான் வந்து நிற்பார். அவன் இதைச் செய்தானா? இதை அவனுக்குச் சொன்னார்களா? காற்றழுத்தம் சொன்னபோது, உயரமானியை அன்றைய அழுத்தத்துக்குத் திருப்பி வைக்காமல் போனால் என்ன ஆகும் என்று கேட்டார். உயரத்தைத் தப்பாகக் காட்டும் என்றேன். முகம் வெளுத்துவிட்டது. இந்த விபத்தில் அதற்கு இடமில்லை பாய், அவன் விழுந்தது பட்டப்பகலில், தரை கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் என்று விளக்கினேன். நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். மகன் எப்படிச் சாகவில்லை என்று ஒவ்வொரு நாளும் ஒன்றைத் தெரிந்துகொண்டு, அதில் ஒரு ஆறுதலோடு வீட்டுக்குப் போவார். இப்படியும் ஒரு பாடத்திட்டம் இருக்கும் என்று எந்தத் துறையும் நினைத்திருக்காது.

மேகங்கள் சொன்ன அன்று அவருக்குப் பிடித்திருந்தது. பஞ்சுப்பொதி மாதிரி தனித்தனியாக நிற்பது ஆபத்தில்லை, அதுவே காலிஃபிளவர் மாதிரி மேலே மேலே வளர்ந்தால் கவனி, தலை தட்டையாகிக் கொல்லனுடைய பட்டறைக்கல் மாதிரி விரிந்துவிட்டால் அந்தப் பக்கமே போகாதே என்றேன்.

"போனா?"

"உள்ள மேல இழுக்கும், கீழ தள்ளும், ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நடக்கும். பெரிய விமானமே சுத்திக்கிட்டுப் போவும் பாய்."

"அன்னிக்கு அங்க அது இருந்துதா?"

இருந்தது. விசாரணைக்காரர்கள் அனுப்பி, அவர் கொண்டுவந்திருந்த முதல்கட்டத் தகவல்களில் அது தெரிந்தது. மேற்கே ஓர் இடிமேகம். ஆனால் தூரத்தில். மே மாதத்துப் புழுதி மூட்டத்தில், ஓடுபாதையில் நிற்பவன் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

"தெரியலன்னா அது தப்பு ஆவாதுல்ல?"

"பாய், ஒவ்வொரு நாளும் தீர்ப்பு கேக்காதீங்க" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே வந்துவிட்டது. உள்ளேயிருந்து மனைவி டீயோடு வந்தாள். "ஏங்க, பரீட்சையா நடத்தறீங்க? பாய், நீங்க டீய குடிங்க. இவரு மேகத்துக்கே மெமோ குடுத்த ஆளு" என்றாள். பாய் சிரித்தார். மகன் போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பிறகு காற்றுக்கு வந்தோம். ஓடுபாதை ஓரக் கம்பத்தில் காற்றின் திசை காட்டத் தொங்கும் துணிப்பையை, காற்றுப்பையை, வரைந்து காட்டினேன்.

கடல்காற்றை அவருக்கு விளக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். புதுச்சேரியில் பிறந்தவனுக்கு அது உடம்பில் இருக்கும். காலையிலிருந்து தரை கொதிக்கும். மேற்கிலிருந்து அனல் அடிக்கும். மதியத்துக்கு மேல் ஒரு கணத்தில் காற்று நிற்கும், இலை அசையாது, பிறகு கிழக்கிலிருந்து ஈரமாக, குளிர்ச்சியாக வரும். அது வந்துவிட்டால் அன்றைய நாள் பிழைத்தது. மேகம் கூடியிருந்தாலும் பெரும்பாலும் மேற்கே தள்ளிப்போய்விடும். விழுப்புரத்துக்காரன் நனைவான், நாம் துணி காயவைப்போம்.

"எனக்கா சார் சொல்றீங்க?" என்றார். "எங்க கடையில அதான் கடியாரம். மத்தியானம் ஷட்டர பாதி எறக்கிட்டு உள்ள படுத்திருப்போம். வாசல்ல ஒரு நீலத் தார்ப்பாய் தொங்கும், சாம்பிளுக்கு. புழுக்கத்துல செத்த பாம்பு மாதிரி தொங்கும். காத்து வந்துச்சுன்னா வயிறு உப்பும். பையன் சின்னப்புள்ளயா இருக்கும்போது அதையே பாத்துக்கிட்டு கெடப்பான். 'அத்தா, தார்ப்பா உப்பிருச்சு'ன்னு கத்துவான். 'காத்து வந்துடுச்சுல்ல, இனிமே ஒண்ணும் பயமில்ல, கடையத் தொற'ம்பேன். நாலு மணியெல்லாம் பாக்கறதில்ல. தார்ப்பா உப்புனா கட தொறக்கும். மார்க்கெட்டுல எல்லாரும் எங்களப் பாத்துத்தான் தொறப்பாங்க."

பிறகு, அதே குரலில், பெரிய விஷயமில்லை என்பதுபோலத் தொடர்ந்தார்.

"அன்னிக்கு கெளம்பறதுக்கு முன்னாடிகூட அதத்தான் சொன்னான். போன்ல. 'அத்தா, காலைலருந்து வெயிலு கொன்னுடுச்சு, காத்துப்பை தொங்கிக்கிட்டே கெடந்துது. இப்பதான் குளுகுளுன்னு காத்து வந்துச்சு. நம்ம தார்ப்பா மாதிரி உப்பி நிக்குது. கடையத் தொறக்கப் போறேன்'னான். நான் சிரிச்சேன். 'தொற, தொற'ன்னேன்."

என் கையிலிருந்த பேனாவை மூடினேன். திறந்தேன். மறுபடி மூடினேன்.

அடுத்த பாடம் என்னவென்று எனக்குத் தெரியும். புத்தகத்தில் அடுத்த பக்கமே அதுதான். இடிமேகம் மழையைக் கொட்டும்போது, மேலிருந்து குளிர்ந்த காற்றும் சேர்ந்து கீழே கொட்டும். தரையில் மோதி நாலாபக்கமும் பரவும், மேகத்தை விட்டு வெகுதூரம் முன்னால் ஓடிவரும். எங்கள் ஆட்கள் அதை கஸ்ட் ஃப்ரண்ட் என்பார்கள். கடலே இல்லாத ஊரில், மே மாத மதியத்தில், அனலுக்கு நடுவே திடீரென்று குளிர்ந்த காற்று வந்தால் அது ஒன்றாகத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடிமேகம் அனுப்பிய ஆள். அங்கே பிறந்தவன் அந்தக் காற்று பட்டதும் துணியை எடுப்பான், மாட்டைக் கட்டுவான். புதுச்சேரியில் பிறந்தவன் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பான்.

பையன் வானிலைத் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். கஸ்ட் ஃப்ரண்ட் பற்றிய கேள்விக்குச் சரியாகத்தான் எழுதியிருப்பான். தேர்வு அறையில் காற்று வீசுவதில்லை.

அன்றைக்கு இத்தோடு போதும் என்று அனுப்பிவிட்டேன்.

மனைவியிடம் சொன்னேன். "அந்தப் பக்கத்த விட்டுடுங்களேன்" என்றாள்.

"மெட்ராஸ்ல மொத வார்த்தையே அதுதான் வரும்."

"அங்க வந்தா வரட்டும். நீங்க எதுக்கு ஒங்க வாயால சொல்லணும்?"

"அங்க மொதமொதலா காதுல விழுந்தா, பக்கத்துல தெரிஞ்ச ஆளில்லாம தனியா கேட்டுக்கணும் அவரு."

அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அந்தப் பக்கத்தை எடுத்தேன். நிறுத்தாமல், குரலை ஏற்றாமல், வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். குளிர்ந்த காற்று எப்படிக் கீழே இறங்குகிறது, எப்படிப் பரவுகிறது. முதலில் எதிர்க்காற்றாக வந்து விமானத்தைத் தூக்கிவிடும், ஓட்டுகிறவனுக்கு உற்சாகமாக இருக்கும். சுற்றி வந்து இறங்குவதற்குள் காற்று திசை மாறியிருக்கும். எதிரே தாங்கிக்கொண்டிருந்தது திடீரென்று பின்னாலிருந்து தள்ளும். சின்ன விமானம், இறங்குகிற வேகம், தரைக்குப் பக்கம். மீள்வதற்கு உயரம் இருக்காது.

பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் காற்று வந்தது. தென்னை ஓலை முதலில் அசைந்தது. பிறகு மாடிக் கொடியில் கிடந்த என் மனைவியின் புடவை கிழக்கிலிருந்து உப்பி, வராந்தாப் பக்கம் வந்து தொட்டுவிட்டுப் போனது. பாய் அதையே பார்த்தார்.

"சார், அந்தக் காத்து எப்பிடி இருக்கும்? மேல பட்டா?"

"குளுமையா இருக்கும்."

"இது மாதிரி?"

"இது மாதிரிதான் பாய். ஒடம்புக்கு வித்தியாசம் தெரியாது."

தலையை ஆட்டிக்கொண்டார். புத்தகத்தை எடுத்து மூடி, தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"பயமில்லன்னு நான்தான சார் சொல்லிக் குடுத்தேன்."

"பாய், இங்க அது சரி. இங்க அது பயமில்லாத காத்துதான்."

"இங்க சரி" என்றார். படி இறங்கிப் போனார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் நடைமுறை. அதனால் அவருக்கு நடைமுறையைத்தான் கொடுத்தேன். சென்னைக்கு நானும் கூடப் போனேன். பஸ் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது, ஒரு கேள்வியை மனப்பாடம் செய்ய வைத்தேன். பழகுகிறவன் தவறு செய்வான், அதனால்தான் பழகுகிறான். அவன் தனியாகப் பறக்கும்போது தரையில் ஒரு பயிற்றுநர் ரேடியோ பக்கத்தில் நிற்க வேண்டும், காற்று மாறினால் இறங்காதே, மேலேயே இரு என்று சொல்ல வேண்டும். சொன்னாரா? இதுதான் கேள்வி. வேறு எதையும் கேட்க வேண்டாம்.

"இன்னொண்ணு பாய். அவங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அந்த போன் விஷயத்த நீங்களா எடுக்காதீங்க. அது உங்களுக்கும் அவனுக்கும் நடுவுல பேசினது. சட்டப்படி அத சொல்லணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. அவங்களே கேட்டாலும், ஞாபகம் இல்லன்னு சொல்லலாம். அதுவும் ஒரு பதில்தான்."

"பொய் இல்லயா?"

"பொய்தான். ஆனா எழுதிக்குவாங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிள்ளைச்சாவடியில் படகுகள் கரையில் கிடந்தன. அவர் கடையில் வாங்கிய நீலத் தார்ப்பாய்கள் வலைகளை மூடியிருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அதிகாரி நல்லவர். அது இன்னும் சங்கடம். திட்டிவிட்டு வெளியே வர ஒரு வழி இல்லாமல் போய்விட்டது. தமிழ் பேசினார், தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார், பாயை ஐயா என்றார். பாய் மனப்பாடம் செய்த கேள்வியைத் தவறில்லாமல் கேட்டார். அதிகாரி நேராகவே சொன்னார்.

"சொல்லல ஐயா. பயிற்றுநர் அந்த நேரத்துல ரேடியோ கிட்ட இல்ல. இருக்கணும். இல்ல. அதைக் கண்டிப்பா எழுதறோம். துணைக் காரணத்துல வரும்."

பாய் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"அப்போ காரணத்துல?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "காத்துப்பை நல்லா தெரியற எடத்துல இருக்குது. காத்து மாறினது கிளம்பறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். யாருகிட்டயும் அவர் அதப் பத்தி ஏதும் சொன்னதா இல்ல. அதனால, காற்று மாறியதைப் பயிற்சி பெறுபவர் கவனிக்கவில்லைன்னு எழுத வேண்டியிருக்கு. எனக்கே கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா வேற விளக்கம் கெடைக்கல."

இந்த இடத்தில் பாய் பேசாமல் இருக்க வேண்டும். மேசைக்கு அடியில் என் கால் பாய் காலைத் தொட்டது. பேசாமல் இருந்தால், அடுத்த கட்டத்தில் பயிற்றுநர் இல்லாததை இன்னும் அழுத்தி ஒரு மனு எழுதலாம், கவனித்திருக்க முடியாது என்றுகூட வாதாடலாம், புழுதி மூட்டம், அனுபவக் குறைவு. எப்படி எழுதுவது என்று எனக்கு வரிவரியாகத் தெரியும்.

"கவனிச்சான்" என்றார் பாய்.

"என்ன ஐயா?"

"கவனிக்கலன்னு எழுதாதீங்க. என் புள்ள அஜாக்கிரதயா கெளம்புறவன் இல்ல. காத்துப்பை உப்புனத பாத்தான். எனக்கு போன்ல சொன்னான். நல்ல காத்துன்னு நெனச்சிட்டான். நாங்க கடலோரத்துல இருக்கறவங்க சார். எங்களுக்கு மத்தியானத்துல குளுகுளுன்னு வந்தா அது நல்ல காத்து. நான்தான் சொல்லிக் குடுத்தேன். சின்ன வயசுலருந்து தெனமும் சொன்னேன்."

தார்ப்பாய், ஷட்டர், எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இதச் சேர்த்தா காரணம் மாறாது ஐயா" என்றார் அதிகாரி மெதுவாக. "கவனிக்கவில்லைங்கறது போயி, தவறாகப் புரிந்துகொண்டார்னு வரும். அவர் மேலதான் நிக்கும்."

"நிக்கட்டும். பாக்காம போனான்னு மட்டும் வேணாம்."

அதிகாரி எழுதினார். வாசித்துக் காட்டினார். பாய் தலையாட்டினார். எழுந்து வரும்போது அதிகாரி என்னிடம், தனியாக, "கரையோரத்துப் பசங்களுக்கு இத ஒரு வரி சேர்த்துச் சொல்லச் சொல்லலாம், பரிந்துரையில" என்றார். சொல்லலாம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பரிந்துரைகள் வரும். பள்ளிகள் அவற்றைப் பெற்றுக்கொண்டோம் என்று பதில் எழுதும். அதற்கும் ஒரு நடைமுறை இருக்கிறது.

திரும்பும் பஸ் மரக்காணம் தாண்டும்வரை பாய் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்.

"சார், அந்தத் துணைக் காரணம்ங்கறதுல என் பேரு வருமா?"

"வராது பாய்."

"ஏன்?"

"அதுல பள்ளிக்கூடம், பயிற்றுநர், விதிமுறை, இதுதான் வரும். வீட்டு ஆளுங்களுக்கு அதுல எடம் கெடையாது."

"எடம் வெச்சிருக்கணும்" என்றார்.

அவர் மகனுக்குக் கற்றுக்கொடுத்தது தப்பில்லை, அது ஓர் ஊரின் அறிவு, ஊர் எல்லைக்குள் அது உயிரைக் காக்கும் அறிவு என்று சொல்ல நினைத்தேன். சொல்லியிருந்தால் சரியாகவே இருந்திருக்கும். அவருக்கு அதனால் ஒன்றும் ஆகியிருக்காது.

தெருவுக்குள் நுழையும்போது அவர் மனைவி வாசலில் நின்றிருந்தார். தலையில் போட்ட முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். நான் என் கேட்டைத் திறப்பதுபோல நின்றேன். உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை.

"என்னா சொன்னாங்க? அவன் மேல தப்பா?"

பாய் செருப்பைக் கழற்றினார். ஜோடியாக எடுத்து ஓரமாக வைத்தார்.

"காத்த பாத்துட்டுத்தான் கெளம்பியிருக்கான். பாக்காம கெளம்பல."

"அப்போ அவன் மேல தப்பில்ல."

"அவன் மேல இல்ல."

"வேற யாரு மேல?"

அவர் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தோளைத் தொட்டு உள்ளே அழைத்துக்கொண்டு போனார். கதவு சாத்திக்கொண்டது. அடுத்து என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அப்புறம், பெட்டியைத் தூக்கிய அன்றுகூட அழாத அந்த அம்மா, அழுகிற சத்தம் கேட்டது. மகனுக்காக அழுததா, கணவருக்காக அழுததா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கருவி இல்லை.

போன வாரம் மாடித் தண்ணீர்த் தொட்டியை மூடுவதற்குக் கொஞ்சம் கயிறு வேண்டியிருந்தது. மதியத்தில்தான் எனக்கு நேரம் ஒழிந்தது. பாய் கடை வாசலுக்குப் போனபோது காற்று வந்துவிட்டிருந்தது. மார்க்கெட்டில் ஒன்றிரண்டு ஷட்டர்கள் உயர்ந்தன. மற்றவர்கள் இந்தக் கடையைப் பார்த்தபடி நின்றார்கள், பழக்கம். வாசலில் தார்ப்பாய் இல்லை. அது தொங்கிய இரும்புக் கொக்கி மட்டும் இருந்தது.

பிள்ளைச்சாவடியிலிருந்து வந்த ஒரு படகுக்காரர் ஷட்டரைத் தட்டினார். "பாய், காத்து வந்துடுச்சே! இன்னும் தொறக்கலியா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நாலு மணிக்கு."

"அட, எப்பவும் காத்து வந்தா தொறப்பீங்களே?"

படகுக்காரர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. இருவரும் நிழலில் நின்றோம். காற்று நன்றாக இருந்தது, உடம்புக்கு இதமாக. நான் சட்டையின் திறந்திருந்த மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.